குடை அளவு நிழல்

கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாக உப்பு விளைந்துகொண்டிருந்த அந்த அளத்தில் மரம் என்று ஒன்று நின்றதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. பூவரசங்கம்பு நட்டுப் பார்த்தார்கள், வேம்பு வைத்துப் பார்த்தார்கள், கோயிலுக்கென்று நேர்ந்து ஓர் அரசங்கன்றைக் குடம் குடமாக நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்தும் பார்த்தார்கள். எல்லாம் ஒரு மாசிக்கும் அடுத்த மாசிக்கும் நடுவே வெளுத்து, தூரில் உப்புப் பூத்து, விறகாகிப் போயின. அதனால் அங்கே வேலை செய்தவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டுவிட்டார்கள். கண் கூசியது, கூசும் என்று தெரியும். உச்சி கொதித்தது, கொதிக்கும் என்று தெரியும். தெரிந்ததை என்னத்துக்குப் பேச.

அந்த அளத்தில் உப்பு வாருகிற ஆவுடைக்கனிக்கும் லாரியில் மூட்டை ஏற்றுகிற பொன்னுத்துரைக்கும் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. குலதெய்வத்தின் பேரை எடுத்து வனப்பேச்சி என்று வைத்தார்கள். வனம் எப்படி இருக்கும் என்று அந்தப் பேரை வைத்த இருவருமே பார்த்ததில்லை. மூன்று மாதம் கழிந்ததும் ஆவுடைக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்து, வரப்பின் மேல் மூன்று கம்புகளைக் கூட்டி ஊன்றி, பழைய சேலையில் தொட்டில் கட்டி, வெயில் படாமல் இன்னொரு சேலையை மேலே போர்த்திவிட்டுப் பாத்திக்குள் இறங்கினாள். இரண்டு பாத்தி வாரி முடித்துத் திரும்பியபோது போர்த்திய சேலை காற்றில் பறந்துபோய் எங்கேயோ கிடந்தது. பிள்ளை வேர்க்காமல் தூங்கியது. தொட்டிலுக்குக் கீழே அளத்து நாய் ஒன்று நாக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தது. சித்திரை மாதத்தில் நாக்கை உள்ளே வைத்திருக்கிற நாயை ஆவுடைக்கனி அதுவரை பார்த்ததில்லை. அதன் பிறகுதான் தரையைப் பார்த்தாள்.

ஒரு பாய் அகலத்துக்கு நிழல் விழுந்திருந்தது. நடுவில் கருத்து, ஓரத்தில் வெளுத்து, காற்று வரும்போது அசைந்து, அசைகிற இடைவெளியில் பொட்டுப் பொட்டாக வெயில் சிந்திக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வரப்பில் கொஞ்சம் நடந்தாள், நிழலும் கூடவே நடந்தது, நாயும் எழுந்து அதற்குள்ளேயே நடந்தது. சரி என்று பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டுவிட்டு மறுபடி வாருபலகையை எடுத்தாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அளத்துச் சனம் அதை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. ஒருவரும் பயப்படவில்லை, திருநீறு போடச் சொல்லவில்லை. அது எந்த மரத்து நிழல் என்பதில்தான் தகராறு வந்தது. பொடி இலையாக இருக்கிறது, வேம்புதான் என்றார்கள் சிலர். வேம்பு நிழல் இத்தனை கருப்பாகவா இருக்கும், இது புளி என்றார்கள் சிலர். மலையடிவாரத்தில் இருந்து வந்து வாக்கப்பட்டிருந்த ஒருத்தி இலுப்பை என்று சொன்னாள். ஒத்துப்பார்க்கப் பக்கத்தில் ஒரு மரமும் இல்லாததால் அந்த வழக்கு தீரவே இல்லை. ஆனால் அதன் நடத்தை மரத்து நிழலின் நடத்தைதான் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். காலையில் மேற்கே நீளும், உச்சியில் காலடியில் கூடும், சாயங்காலம் கிழக்கே சாயும், கார்த்திகை மழையில் மங்கும்.

பிறகு முறை வந்தது. பத்து மணிக் கஞ்சிக்குப் பெண்கள் கரையேறும்போது பிள்ளையைக் குத்துவிளக்கைப் போல நடுவில் வைத்துச் சுற்றிலும் உட்கார்ந்தார்கள். பாய் அளவு நிழலில் ஏழு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். ஒரு தலை உள்ளே இருந்தால் ஒரு முதுகு வெளியே இருந்தது. ஆகவே மாசமாக இருக்கிறவளுக்கு முதலிடம், காய்ச்சல்காரிக்கு இரண்டாமிடம், மற்றவர்களுக்கு நாள் விட்டு நாள் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். நிழலில் உட்காருகிறவள் தன் தூக்குச்சட்டியில் இருந்து முதல் பிடியைப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டும் என்பதும் ஏற்பாடு. அந்தப் பிடி வீண் போகவில்லை. பிள்ளை எவ்வளவு உண்டதோ அவ்வளவு நிழல் வளர்ந்தது. ஐந்து வயதில் ஒரு வீட்டுக் கூரை அளவு, எட்டு வயதில் ஒரு கல்யாணப் பந்தல் அளவு. கடற்காக்கைகள் வந்து அதில் இறங்கி நின்றன. பக்கத்து வீட்டுச் செண்பகவடிவு, வாய் சும்மா இராதவள், ஆவுடைக்கனிக்கு மைனி முறை கொண்டாடுகிறவள், கஞ்சி குடித்த கையோடு காலை நீட்டிப் படுத்து, "மைனி, ஒம் மவளுக்கு இன்னும் ரெண்டு வாய் குடு, எங் கால் வெளிய கெடக்கு" என்பாள்.

அப்போது ஒரு தப்பு செய்தார்கள். வெயிலையும் உப்பையும் தவிர வேறு பாடம் படியாத சனம் செய்யக்கூடிய தப்புதான். நிழலில் உட்கார்ந்து பெற்றால் பிள்ளைக்கும் நிழல் ஒட்டும் என்று நம்பினார்கள். மாசமான பெண்கள் பொழுதெல்லாம் வனப்பேச்சியின் நிழலில் கிடந்தார்கள், அவள் ஓடி விளையாடினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள், அவள் குளித்த தண்ணீரில் கால் நனைத்தார்கள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் வெறும் பிள்ளைகளாகவே பிறந்தன. ஏங்கியதால் நிழல் ஒட்டவில்லை. நிழலை ஒருநாளும் தேடி வராத, கடைசி வீட்டில் இருந்த பொன்னுத்துரையின் தம்பி பெண்டாட்டிக்குத்தான் அடுத்தடுத்து இரண்டு பிறந்தன. மூத்ததற்குக் கட்டில் அளவு நிழல், இளையதற்கு நெல் புடைக்கிற சுளகு அளவு நிழல், பிறந்தபோதே. அதன் பிறகுதான் அது ரத்தத்தில் வருவது, ஆசையில் வருவதில்லை என்று விளங்கியது. விளங்கிய மறுநாளே அந்தக் குடும்பத்தில் பெண் கேட்டும் மாப்பிள்ளை கேட்டும் தொட்டில் பிள்ளைகளுக்கு வெற்றிலை வந்தது.

வனப்பேச்சி பதினைந்து வயதில் தன் தாயைப் போல உப்பு வார இறங்கினாள். அந்தக் கோடையில்தான் மேஸ்திரி தவசிலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. அவள் இறங்கிய பாத்திகளில் உப்பு இறுகவில்லை. பக்கத்துப் பாத்தியில் கல்லாக விளைந்த உப்பு அவள் பாத்தியில் கஞ்சிப் பதத்தில் கிடந்தது. தண்ணீர் சரியில்லை என்று, உப்புத் தண்ணீர் தேக்கி வைக்கிற தெப்பத்து மடையை மாற்றிப் பார்த்தார். மிதி சரியில்லை என்று தரையை மறுபடி மிதிக்கச் சொன்னார். பிறகு ஒருநாள் வரப்பில் நின்று, அவள் நிழல் பாத்தி பாத்தியாக ஏறி இறங்கிப் போவதையும், போன வழியெல்லாம் உப்பு விளைவதை மறந்துவிட்டு நிற்பதையும் பார்த்தார். உப்புக்கு வேண்டியது வெயில். மனிதருக்கு வேண்டியது நிழல். அவருக்குச் சம்பளம் கொடுத்தது உப்பு.

தவசிலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. அவரும் அந்த நிழலில் குடையை மடக்கிவிட்டு உட்கார்ந்தவர்தான். ஆனாலும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். இரண்டு நாள் வரப்பு வரப்பாகத் திரிந்து, மூன்றாம் நாள் ஓர் அளவைக் கண்டுபிடித்தார். தன் கருப்புக் குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்து, அது தரையில் போடுகிற நிழலைச் சுற்றிக் குச்சியால் ஒரு வட்டம் கிழித்தார். இந்த வட்டத்துக்குள் அடங்குகிற நிழலால் உப்புக்குப் பெரிய சேதம் இல்லை, அடங்கினால் வேலை, மிஞ்சினால் அளத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று முதல் தை மாதம் அளம் திறக்கிற நாளில் பூசை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்ததும், உச்சிப்பொழுதில் நிழல் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் குடை பிடித்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. சனம் அதையும் ஏற்றுக்கொண்டது. நிழல் வந்தபோது எப்படி ஏற்றுக்கொண்டதோ அப்படியே.

முதல் தையில் வனப்பேச்சி வட்டத்தில் நின்றபோது வட்டத்தைக் காணவில்லை. வட்டம், குடை, மேஸ்திரி, பூசைக்கு வந்த கூட்டம் எல்லாம் அவள் நிழலுக்குள் இருந்தன.

வேலை இல்லாதவருக்கு அளத்துக் குடியிருப்பில் இடம் இல்லை என்பது பழைய விதி. பதினைந்து வயது கடந்தவர் அளத்துக்கு இறங்க வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். மேஸ்திரி அடுத்த தை வரைக்கும் பொறுப்பதாகச் சொன்னார். ஆவுடைக்கனி அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளை உண்டால் நிழல் வளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் பார்த்ததில்லை. அவள் பார்க்கத் தொடங்கினாள்.

முதலில் ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். பிறகு காலைக் கஞ்சியில் பருக்கையை நிறுத்தி வெறும் தண்ணீர் கொடுத்தாள். பெண்கள் ஊட்ட வந்த பிடிகளைக் கை நீட்டி மறித்தாள். வனப்பேச்சி தாய் கொடுத்ததைக் குடித்தாள், கொடுக்காததற்கு மூஞ்சியைத் தூக்கவில்லை. நிழல் பந்தல் அளவில் இருந்து கூரை அளவுக்கு வந்தது, கூரை அளவில் இருந்து கட்டில் அளவுக்கு வந்தது. அதில் காசு அளவில் சிந்தியிருந்த வெயில் பொட்டுகள் பெரிதாகி, இலை உதிர்ந்த மாதிரி ஓட்டை ஓட்டையாகித் தை மாதத்தில் ஒரு குடைக்குள் அடங்கியது. மேஸ்திரி குடையை மடக்கி, "எறங்கு தாயி" என்றார்.

இறங்கினாள். ஆனால் உப்புச் சுமப்பது வெறும் வயிற்று வேலை இல்லை. சுமக்க வேண்டுமானால் உண்ண வேண்டும், உண்டால் நிழல் விரிந்து பாத்தியைக் கெடுக்கும், கெடுத்தால் மேஸ்திரி கரையில் இருந்து கனைப்பார், கனைத்தால் ஆவுடைக்கனி அன்றைக்குச் சட்டியை எடுத்து ஒளித்து வைப்பாள். இப்படி மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரையில் ஒருநாள் உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றிய பிள்ளை இரண்டு எட்டு வைத்து, மூன்றாம் எட்டு வைக்காமல், பாத்தித் தண்ணீரில் முகம் குப்புற விழுந்தாள். தூக்கிக் கரையில் போட்டபோது அவள் மேல் கைக்குட்டை அளவு நிழல்கூட இல்லை. வெயில் நேராக அவள் கண் இமையில் விழுந்தது.

செண்பகவடிவு அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் கஞ்சியைக் கரைத்து ஊற்றினாள். ஆவுடைக்கனி மறிக்கக் கை நீட்டினாள். செண்பகவடிவு அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"சட்டிக்கு ஏத்த மூடி செய்வாவ. நீ மூடிக்கு ஏத்தாப்புல பிள்ளைய வெட்டுத மைனி."

ஆவுடைக்கனி கரையில் உட்கார்ந்து, கஞ்சி உள்ளே இறங்க இறங்க ஓர் இலை, இரண்டு இலை என்று நிழல் திரும்ப வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்னுத்துரை அதிகம் பேசாதவர். மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளுக்கு உப்பு கொண்டு போகிற லாரியில் அவர் சுமையாளாகப் போய் வருவது உண்டு. தென்னைக்குத் தூரில் உப்பு வைப்பார்கள். அங்கே ஒரு தோப்பில் பிள்ளை இல்லாத காவல்காரரும் அவர் பெண்டாட்டியும் கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆள் தேடுகிறார்கள் என்று அன்று சாயங்காலம் சொன்னார். விடிகிற நேரத்தில் வனப்பேச்சி உப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். ஆவுடைக்கனி ஒரு தூக்குச்சட்டி நிறையச் சோறு கட்டிக் கொடுத்தாள். லாரி சாலைக்கு ஏறியபோது வெயிலும் ஏறியது, மூட்டைகளின் மேல் நிழல் அசைந்துகொண்டு போனதைப் பெண்கள் வாருபலகையைப் பிடித்தபடி பார்த்தார்கள். பிறகு குனிந்தார்கள்.

அதன் பிறகு பல தை வந்தது, பல குடை கிழிந்து புதுக் குடை வந்தது, தவசிலிங்கம் போய் அவர் மருமகன் மேஸ்திரியானார், குடை மட்டும் அதே அளவு. நிழல் பிள்ளைகள் பிறந்தபடி இருந்தார்கள். கட்டில் அளவு, கூரை அளவு என்று பிறந்தவர்களின் தாய்மார்கள் ஆவுடைக்கனி செய்ததையே செய்து பார்த்தார்கள்; கொஞ்சம் பேர் வட்டத்துக்குள் அடங்கினார்கள், அடங்கிக் கல்யாணமும் முடித்தார்கள், ஆனால் பட்டினியில் சுருங்கியது பிள்ளைக்குப் போகவில்லை, அவர்கள் பெற்றவை மறுபடி கூரையும் பந்தலுமாகவே பிறந்தன, பிறந்து வளர்ந்து வட்டத்தில் தோற்று ஊர் ஊராகப் போயின. எங்கே போனார்கள் என்று விசாரிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. சுளகு அளவில் பிறந்தவர்கள் தங்கினார்கள். அவர்களுக்குப் பட்டினி தேவைப்படவில்லை, எவ்வளவு உண்டாலும் சுளகு சுளகாகவே இருந்தது. அவர்களுக்கு வேலை கிடைத்தது, குடியிருப்பில் வீடு கிடைத்தது, முதலில் வெறும் பிள்ளைகளின் வீடுகளோடு சம்பந்தம் கலந்து, பிறகு சுளகு வீட்டுக்குச் சுளகு வீட்டில் இருந்தே பெண் எடுத்தார்கள். யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. ஒருவரும் இப்படி ஆகட்டும் என்று நினைக்கவில்லை. நெல்லைப் புடைக்கிற மாதிரி வருசா வருசம் அந்தக் குடை புடைத்துக்கொண்டே இருந்தது, தங்கியது தங்கியது.

கடைசியில் அளத்து இளசுகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி நிழல். சரியாக ஒரு தலை, இரண்டு தோள். அதற்குள் இன்னொருவர் புக முடியாது. பத்து மணிக் கஞ்சிக்கு அவர்கள் வரப்பில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, அவரவர் நிழலில் அவரவர் குடித்தார்கள். கூடி உட்கார வேண்டிய காரியம் இல்லாததால் பேச்சும் குறைந்தது. நல்ல பிள்ளைகள்தான். கேட்டால் தண்ணீர் கொடுப்பார்கள்.

நிழல் இல்லாத பழைய பெண்கள் கொஞ்சம் பேர் மீந்திருந்தார்கள். பொன்னுத்துரை காலமாகியிருந்தார். ஆவுடைக்கனிக்கு இடது கண் வெளுத்துவிட்டது. அந்த வருசத்து வெயில் முந்தின வருசத்து வெயிலைப் போல இல்லை. கோடை தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பழைய பெண்களில் ஒருத்தி பாத்தியிலேயே விழுந்து எழுந்திருக்கவில்லை. செண்பகவடிவு இரண்டு முறை மயங்கி எழுந்தாள். இரண்டாம் முறை எழுந்ததும் ஆவுடைக்கனியின் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள், பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

அவர்கள் கேட்டது பெரிய காரியம் இல்லை. வனப்பேச்சி வந்து சாலையோரத்தில், அளத்து எல்லைக்கு வெளியே, பத்து மணிக்கு ஒரு நாழிகை உட்கார்ந்தால் போதும். நடந்து போய்க் கஞ்சி குடித்து வருகிற நேரத்துக்குக் கூலியைப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் பிடி எப்போதும்போல அவளுக்கு. புது மேஸ்திரியிடம் பேசிவிட்டார்கள், எல்லைக்கு வெளியே என்றால் தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். தாய் போய்க் கூப்பிட்டால் மகள் வராமல் இருப்பாளா.

"ஒரு கோடை மட்டும் மைனி" என்றாள் செண்பகவடிவு. அவள் கெஞ்சி ஆவுடைக்கனி கேட்டதில்லை. "அதுக்கு மேல நா இருந்தா பாத்துக்கிடலாம்."

ஆவுடைக்கனி உப்பு லாரியில் போனாள். தன் மகளைப் பார்க்க அவள் போவது அதுவே முதல் தடவை. கோடையில் வேலை இருந்தது, மழைக்காலத்தில் வழிச்செலவுக்கு இல்லை, நடுவில் இருந்த நாட்களில் போக முகம் இல்லை.

தோப்புக்குள் நுழைந்ததும் அவள் செய்த முதல் வேலை தரையைப் பார்த்ததுதான். தரை முழுக்க நிழல். தென்னை நிழல், அதன் மேல் மா நிழல், அதன் மேல் பலா நிழல், ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. வனப்பேச்சி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து ஓடி வந்தாள். நல்ல சதை போட்டிருந்தாள். காவல்காரரும் பெண்டாட்டியும் காலமான பிறகு, தோப்பில் மரம் ஏறுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு, காவல் வீட்டிலேயே இருந்தாள். உள்ளே உட்கார வைத்து, குழம்பு ஊற்றி, பொரித்த மீனை வைத்து, தாய் ஒரு கவளம் எடுப்பதற்குள் இன்னொரு கரண்டி போட்டாள். தானும் எதிரே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை ஆவுடைக்கனி ஒரு கண்ணால் பார்த்தாள்.

"என்னம்மா, வந்ததில இருந்து கீழயே பாக்க? எதையும் தொலச்சிட்டியா?"

"இல்ல."

உச்சிப்பொழுதில் வனப்பேச்சி கொப்பரை காயப் போட்டிருந்த களத்துக்குப் புறப்பட்டாள். ஆவுடைக்கனியும் பின்னால் போனாள். களம் மட்டும்தான் அந்தத் தோப்பில் மரம் இல்லாத இடம், அகலமான சிமென்டுத் தரை, அதில் வெயில் தன் ஊர் வெயில் மாதிரியே அடித்தது. மகள் விளிம்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தாள், களம் இருண்டது. ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்பு வரைக்கும், அதையும் தாண்டி, கிளை கிளையாக, இலை மேல் இலையாக. ஆவுடைக்கனி அத்தனை பெரிய நிழலை அளத்தில் பார்த்ததில்லை. வட்டத்தில் நின்ற அன்றும் அது இவ்வளவு இல்லை. அந்த நிழலின் ஒரு கிளையில் ஒரு கூட்டின் நிழல் இருந்தது. கூட்டில் ஏதோ ஒன்று கழுத்தை நீட்டி மடக்கியது.

களத்தின் மறுகோடியில் கொப்பரை கிளறிக்கொண்டிருந்த இரண்டு பேர் வானத்தைப் பார்த்தார்கள். "மேகம் மூடுது போல, சாக்க எடுங்க" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் எடுக்கப் போனார். வனப்பேச்சி கொஞ்சம் கொப்பரையை முறத்தில் அள்ளிக்கொண்டு களத்தை விட்டு இறங்கியதும் வெயில் வந்தது, அவர் போன காலோடு திரும்பி வந்தார். இத்தனை வருசமும் அந்தத் தோப்பில் அதற்கு அவ்வளவுதான் பேர். மேகம்.

"இங்க ஒனக்கு யாரும் அளவு பாக்கலயா" என்று ஆவுடைக்கனி கேட்டாள்.

வனப்பேச்சி சிரித்தாள். "எத அளக்க? இங்க நெழலுக்கா பஞ்சம்." பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். தாயின் வெளுத்த கண்ணையும், வெடித்த பாதத்தையும், உப்பு ஏறிய விரல் நகங்களையும் பார்த்தாள். "நீ சும்மா வரல. என்னயக் கூப்பிட வந்திருக்க. வெயில் தாங்கலயோ, அங்க?"

ஆவுடைக்கனி களத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொன்னா வாரேம்மா. இன்னிக்கே வாரேன்."

அவள் வருவாள் என்று ஆவுடைக்கனிக்குத் தெரியும். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டியை நீட்டிய பிள்ளை. வந்து சாலையோரம் உட்காருவாள். முதல் வாரம் எல்லைக்கு வெளியே இருப்பாள். யாரோ ஒருத்திக்கு நடக்க முடியாமல் போகும், பத்து எட்டு உள்ளே வரச் சொல்வார்கள். நிழல் ஒரு பாத்தியைத் தொடும். யாராவது கரையில் இருந்து கனைப்பார்கள். அதன் பிறகு யார் சட்டியை ஒளித்து வைப்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும்.

"ஒன்னயக் கூப்பிட்டு என்ன செய்ய" என்றாள். "பாக்கணும்னு இருந்துது. பாத்துட்டேன்."

அன்று ராத்திரி மகள் இருந்துவிட்டுப் போகச் சொன்னாள், நாலு நாள் என்றாள், ஒரேயடியாக இருந்துவிடு என்றாள். ஆவுடைக்கனி படுத்துப் பார்த்தாள். தோப்புக் குளிர்ச்சி எலும்புக்குள் இறங்கி நடுக்கியது, போர்வை போதவில்லை. அவள் உடம்பு வேறொன்றுக்குப் பழகி முடிந்திருந்தது. விடிந்ததும் லாரி ஏறினாள்.

கஞ்சி நேரத்தில் வந்து சேர்ந்தாள். பழைய பெண்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தனியாக இறங்கி நடந்து வருவதைப் பார்த்ததும் எழுந்த இரண்டு பேர் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"அவளுக்கு இப்ப நெழல் இல்ல" என்றாள் ஆவுடைக்கனி. "அந்த ஊரு தண்ணி ஒத்துக்கிடல. எல்லாம் உதுந்து போச்சு."

பெண்கள் ஏற்றுக்கொண்டார்கள். உதிர்வது உண்டுதானே, நட்ட கம்பெல்லாம் இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் உதிரவில்லையா, அப்படி அந்தத் தண்ணீரும் ஒருத்திக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று ஒருத்தி கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றாள். சதை போட்டிருக்கிறாளா என்று செண்பகவடிவு கேட்டாள்.

"போட்டிருக்கா."

செண்பகவடிவு கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். உண்டால் என்ன ஆகும் என்று அந்த அளத்தில் அவளுக்குத் தெரியாதது இல்லை. முதல் பிடி ஊட்டியவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு தலைத்துணியை அவிழ்த்து, பாத்தித் தண்ணீர் படாமல் குடத்து நல்ல தண்ணீரில் நனைத்து, மறுபடி கட்டிக்கொண்டு கஞ்சிச் சட்டியைத் திறந்தாள். இளசுகள் தள்ளித் தள்ளி, அவரவர் சுளகுக்குள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கிழக்கில் இருந்து சாய்வாக வந்து செண்பகவடிவின் முகத்தில் அடித்தது.

ஆவுடைக்கனி தன் சட்டியை எடுத்துக்கொண்டு அவளுக்குக் கிழக்கே போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எல்லோருக்கும் இருக்கிற வெறும் நிழல்தான், மெலிந்த ஓர் உடம்பின் நிழல். ஒரு முகத்துக்கும் ஒரு சட்டிக்கும் போதுமாக விழுந்தது.

செண்பகவடிவு இரண்டு வாய் குடித்தாள்.

"அசையாத மைனி" என்றாள். "காதுல அடிக்கி."

ஆவுடைக்கனி கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.